இன்பராணி மண்டியிட்ட இடம்

யாரைப் பார்த்தாலும் இன்பராணி முதலில் பார்ப்பது கால்களைத்தான். முகம் அப்புறம். ஞாயிறு பூசை முடிந்து பத்து பாகாட் ஊர்க் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாளென்றால் போதும். யாருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, யாருடைய செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, யார் படி இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று சிரித்துக்கொண்டு வருகிறவர்களிடம், "சக்கரை எவ்வளவு இருக்கு?" என்று கேட்பாள். இதற்காகவே சிலர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்கள்.

தொழில் அப்படி. இளம் வயதில் ஒரு துணி ஆலையில் தைத்துக்கொண்டிருந்தவள், கணவர் கில்பர்ட் இறந்த பிறகு ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பராமரிப்புப் பயிற்சிக்காக ஜொகூர் பாருவுக்குப் போனபோது வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். சொல்லிக்கொடுத்த பெண்ணே அவளை அக்கா என்று கூப்பிட்டாள். அதன் பிறகு அவள் கைபட்டுக் குளித்தவர்களையும், அவள் கைபட்டுப் புரண்டு படுத்தவர்களையும் கூட்டி உட்காரவைத்தால் கோயில் மண்டபம் நிறையும். அழுகிறவர்களோடு சேர்ந்து அழும் பழக்கம் அவளிடம் இல்லை. "நானும் அழுதுட்டு இருந்தா பெட்ஷீட்ட யாரு மாத்தறது?" என்பாள்.

அவளுடைய அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் வேறு ரகம். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுப்பு நாளில் கூட்டாளிகள் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனால், இவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போர்க் கல்லறைக்குப் போவார். முதலில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் கிராஞ்சிக்கு. பிறகு தைப்பிங், லாபுவான், ரயில் ஏறிச் சயாமில் காஞ்சனபுரி. எங்கே போனாலும் ஒரே மாதிரி படம்தான் எடுத்துக்கொள்வார்: பின்னால் வரிசை வரிசையாகக் கற்கள், முன்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஸ்டானிஸ்லாஸ். மாசாயில் இருக்கும் அவருடைய வீட்டுச் சுவர் முழுக்க அந்தப் படங்கள். ஒரு காலத்தில் அவரை மாப்பிள்ளை பார்க்க வந்த குடும்பம் ஒன்று, சுவரைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போனது.

"அப்படி என்னதாண்ணே இருக்கு அங்க?" என்று இன்பராணி கேட்டிருக்கிறாள்.

"எல்லாம் நேரா இருக்கும் தங்கச்சி. கண்டெய்னர் அடுக்கின மாதிரி. புல்லு வெட்டி சுத்தமா வெச்சிருப்பாங்க. அங்க இருக்கறவங்க யாரும் ஏன் இன்னும் கல்யாணம் பண்ணலன்னு கேக்க மாட்டாங்க."

காஞ்சனபுரியிலிருந்து திரும்பிய அன்று மட்டும் அவரிடம் கொஞ்சம் பேச்சுக் குறைந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அவர்களுடைய பெரியப்பா ஒருவரைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள்; ஆள் திரும்பவில்லை.

"பெரியப்பா பேரு எங்கயாச்சும் இருந்துச்சா?"

"தோட்டத்து ஆளுங்களுக்குத் தனித்தனியா கல்லு எங்க வெச்சாங்க? வெள்ளக்காரங்க வரிசையில ஒரு ஓரமா அவருக்கும் சேத்து நின்னுட்டு வந்தேன்."

இன்பராணி சரி என்று சொல்லிவிட்டுக் குழம்பைச் சூடாக்கப் போனாள்.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஸ்டானிஸ்லாசுக்குப் பக்கவாதம் வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. இன்பராணி மாசாய்க்குப் போய்த் தங்கி, நடக்கவைத்து, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வித்தையைத் தினமும் பழக்கினாள்: விழுந்தால் எழுந்திருப்பது. நடு வீட்டில் அண்ணனைத் தரையில் உட்காரவைப்பாள். பக்கத்தில் பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கடைகளில் போடுவார்களே, அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி. திரும்பி நாலு காலில் நில்லு, ரெண்டு கையையும் முக்காலியில ஊனு, நல்ல காலை முன்னாடி வையி, தள்ளு, திரும்பி உக்காரு. அவர் செய்து முடித்ததும், "இன்னொரு தடவ" என்பாள். அவர் திட்டுவார். மறுபடியும் செய்வார். அந்த முக்காலி இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவள் பத்து பாகாட்டுக்குத் திரும்பும் முன் போட்ட சட்டம். துறைமுகமே அண்ணாந்து பார்த்த கிரேன்காரன் முக்காலியும் கையுமாக மளிகைக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனாலும் குடும்பத்தில் ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை. அவன் இவர்களுடைய செத்துப்போன அக்காவின் மகன் ரூபேந்திரன். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வேலை நேரம் முடிந்தாலும் வேலை அவனை விட்டு இறங்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவான். மாமா தனியாக இருப்பது அவனுக்கு மூடி இல்லாத குழி மாதிரி தெரிந்தது. ஒரு நாள் இரண்டு பேரையும் மாசாய் வீட்டில் உட்காரவைத்துச் சொன்னான்.

"மாமா, சின்னம்மா வேலை செஞ்ச அந்த ஹோம்ல பேசிட்டேன். ஜன்னல் ஓரமா ஒரு கட்டில் காலியா இருக்காம். நமக்காக வெச்சிருக்காங்க."

"அந்தக் கட்டில் எப்படிக் காலியாச்சுன்னு கேட்டியா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

ரூபேந்திரன் அதைக் கேட்கவில்லை.

"அங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கே கஞ்சி குடுத்துப் படுக்க வெச்சிருவாங்க. உங்க சின்னம்மாவே சொல்லியிருக்கா. அவ சொன்ன கதையெல்லாம் கேட்டதுக்கப்புறம் நான் அங்க போவேனா?"

இன்பராணி மறுக்கவில்லை. கஞ்சி நேரத்தை அந்த இல்லத்தில் வைத்ததே அவள்தான்.

பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஸ்டானிஸ்லாஸ் ஒரு பந்தயம் கட்டினார். "மூவார் பக்கம் நடந்த சண்டைக்கு வெச்சிருக்கற கல்லுங்கள மட்டும் நான் பாத்ததில்ல. இதோ இருக்கு, எப்ப வேணும்னா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். சயாம் வரைக்கும் போனவன் பாரிட் சூலோங்குக்குப் போகல. ஒரு நாள் கூட்டிட்டுப் போ. அந்த ஒரு நாள்ல நான் விழுந்தா, மூச்சு காட்டாம கட்டிலுக்குப் போறேன். விழலன்னா என் வீட்லயே இருக்கேன். தங்கச்சிதான் ரெஃப்ரி."

"சின்னம்மா உங்க தங்கச்சி. பாசம் காட்டுவாங்க."

"இவளா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

ரூபேந்திரன் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று கை கொடுத்தான்.

*

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை புறப்பட்டார்கள். ரூபேந்திரன் மாமாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பத்து பாகாட்டுக்கு வந்து சின்னம்மாவை அழைத்துக்கொண்டான். அவள் ஒரு வாளியும், தேய்க்கும் பிரஷும், சோப்புத்தூள் டப்பாவும், தண்ணீர்ப் போத்தல்களுமாக வந்து காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னாள்.

"எதுக்கு சின்னம்மா?"

"திரும்பி வர்றப்ப கல்லறைத் தோட்டத்துல எறக்கி விடு. அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். கில்பர்ட் அங்கிளோடத தேச்சுட்டேன். சுத்தி இருக்கறது பாக்கி."

இது அவர்கள் பங்குக் கோயிலில் உள்ள வழக்கம். நவம்பர் இரண்டாம் தேதி சாமியார் வந்து மந்திரிப்பதற்குள் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். யாரும் வராத கல்லறை பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். சிலர் பேருக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள். இன்பராணி எழுத்துக்கு நடுவே இருக்கும் அழுக்கைக்கூடக் குச்சி விட்டுக் குடைந்தெடுப்பாள். பாசி பிடித்த கல்லைப் பார்த்தால், துடைக்காத குழந்தை மூக்கைப் பார்த்த மாதிரி அவளுக்குக் கை பரபரக்கும்.

கார் கிளம்புவதற்கு முன் ரூபேந்திரன் இரண்டு பேரையும் நிற்கவைத்து, தொழிற்சாலையில் காலையில் சொல்வதுபோல் சொன்னான்.

"இன்னிக்கு நமக்கு உள்ள ஆபத்து என்னென்ன? ஈரப் புல்லு. மேடு பள்ளம். பாம்பு. வெயில். லோரி. மாமா, இந்த ஜாக்கெட்ட போட்டுக்குங்க."

ஆரஞ்சு நிறத்தில் மினுக்குப் பட்டை வைத்த சட்டை. ஸ்டானிஸ்லாஸ் மறுக்காமல் போட்டுக்கொண்டார். "நல்லதுதான். பாம்புக்கும் தூரத்துலயே தெரியும்."

"சின்னம்மா?"

"நான் எங்கடா விழப்போறேன்?" என்றாள் இன்பராணி.

முழங்கால் வலியைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து வலது முழங்கால் மடக்கினால் நீட்ட விடாமல், நீட்டினால் மடக்க விடாமல் அடம் பிடித்துக்கொண்டிருந்தது. இதே வலியோடு வேறு யாராவது வந்திருந்தால், "டாக்டர்கிட்ட காட்டாம என்ன வீரம்?" என்று வாசலிலேயே திட்டியிருப்பாள்.

பாரிட் சூலோங் நினைவிடம் இன்பராணிக்குப் பிடித்திருந்தது. நிழல் இருந்தது, சமதரை இருந்தது, பக்கத்தில் கழிவறைக்கு வழியும் இருந்தது. ஒரு இடத்தை அவள் அளப்பது இந்த மூன்றையும் வைத்துத்தான். லாபுவானைப் பற்றி அண்ணன் ஒரு மணி நேரம் பேசியபோதுகூட, "டாய்லெட் உக்காந்து போறதா, குந்திப் போறதா?" என்றுதான் கேட்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஊன்றுகோலை முறையாக வலது கையில் பிடித்து, பலகையில் எழுதியிருந்ததைப் படித்தார். காயம்பட்டு நடக்க முடியாமல் பின்தங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மூன்றாம் தடவையும் படித்தார். மூன்றாவது தடவை அவர் கண் எழுத்தின் மேல் ஓடவில்லை என்பதை இன்பராணி கவனித்தாள்.

"அண்ணே, கால் அசதியா இருந்தா உக்காருங்க. படிக்கற மாதிரி நடிக்க வேணாம்."

"உக்காந்தா பாயிண்ட் குறையுமா?"

"குறையாது. நடிச்சா குறையும்."

ரூபேந்திரன் காரிலிருந்து சிவப்பு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்தார். நினைவிடத்துக்கு முன்னால், ஆரஞ்சுச் சட்டையும் சிவப்பு முக்காலியுமாக, ரோடு போடுகிற ஆள் தேத்தண்ணிக்கு ஒதுங்கியது மாதிரி இருந்தது. அப்படியே ஒரு படம் எடுக்கச் சொன்னார். தொப்பியை மட்டும் மறக்காமல் கையில் பிடித்துக்கொண்டார்.

*

இரண்டாவது இடம் பக்ரிக்குப் போகும் வழியில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரமாக இருந்தது. பெரிய நினைவிடம் ஒன்றும் இல்லை. எந்தப் படைப்பிரிவுக்காரர்களோ எப்போதோ வந்து வைத்துவிட்டுப் போன, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும் கல். சுற்றிலும் லாலான் புல். அண்ணன் யாரிடமோ வழி விசாரித்து வைத்திருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ரூபேந்திரன் காரை ஓரம் கட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து இரண்டு ஆரஞ்சு நிற எச்சரிக்கைக் கூம்புகளை எடுத்துக்கொண்டு, லோரிக்காரர்களுக்குத் தெரியும்படி வைக்கச் சாலை வளைவுக்குப் போனான். ஸ்டானிஸ்லாஸ் முக்காலியை நிழலில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இன்பராணி கல்லைப் பார்த்தாள். கல்லும் அவளைப் பார்த்தது. அடியிலிருந்து உச்சி வரை பாசி. எழுத்துக்களுக்குள் கறுப்பாக அழுக்கு.

"அலமாக்! இத இப்படியா விடறது?"

"தங்கச்சி, வேணாம். அது நம்ம கோயில் கல்லறை இல்ல. இதுக்கெல்லாம் ஆளுங்க இருப்பாங்க."

"இருந்திருந்தா இப்படி இருக்குமா? திருநாளுக்கு முன்னாடி கண்ணுல பட்டுடுச்சு. பாத்துட்டு எப்படிப் போறது?"

வாளி வந்தது. தண்ணீர் வந்தது. சோப்புத்தூள் நுரைத்தது. கீழ் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இன்பராணி கல்லுக்கு முன்னால் இரண்டு முழங்காலையும் மடக்கி மண்டியிட்டு, தேய்க்கத் தொடங்கினாள். நல்ல கல். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறம் பளிச்சென்று வந்தது. கை எட்டும் உயரம் வரை தேய்த்து முடித்தாள். மேல் பாதியைத் தேய்க்க எழுந்திருக்க வேண்டும். எழுந்தாள்.

எழவில்லை.

வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. இடது பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். வலி இடுப்பு வரைக்கும் பாய்ந்தது. கல்லைப் பிடித்து எழலாமென்றால் சோப்பு, கை வழுக்கியது. எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியவள், கையில் பிரஷோடு அப்படியே மண்டியிட்டுக் கிடந்தாள். அண்ணனுக்குத் தெரியக்கூடாது. ஒரு நிமிஷம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது.

வயதான வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து இதே போர் நடந்த இடங்களைப் பார்க்க வந்தவர்கள். அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: யாரும் வராத காட்டு ஓரத்தில், தங்கள் ஆட்களின் நினைவுக் கல்லைக் கழுவிவிட்டு, அதற்கு முன்னால் கண்ணை மூடி மண்டியிட்டிருக்கும் ஓர் இந்தியப் பெண்மணி. முன்னால் வந்தவர் கையை உயர்த்திப் பின்னால் வருகிறவர்களை நிறுத்தினார். தொப்பிகள் கழன்றன. பேச்சு நின்றது. எல்லாரும் அவளுக்குப் பின்னால் அரைவட்டமாக நின்று தலையைக் குனிந்தார்கள்.

இன்பராணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பின்னால் இத்தனை செருப்பு எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. வழக்கம்போலக் கால்களைத்தான் பார்த்தாள். இரண்டு பேருக்கு நல்ல வீக்கம்.

எழுந்திருக்க உதவி கேட்கலாம்தான். ஆனால் அதற்குள் ஒருவர் மெல்லிய குரலில் செபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். செத்தவர்களுக்காகச் சொல்லும் செபத்தின் நடுவே வாயைத் திறக்கக்கூடாது என்பது அவள் ரத்தத்தில் ஊறியது. காத்திருந்தாள். செபம் முடிந்தது. வாயைத் திறந்தாள். அதே நேரம் வழிகாட்டி தன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, படை வீரர்களுக்கு ஊதும் கொம்பிசையைப் போட்டார். இன்பராணி வாயை மூடினாள். இசை உருக்கமாக ஏறிக்கொண்டு போய், பாதியில் நின்று, முடி உதிராமல் இருக்க ஒரு ஷாம்பு விளம்பரம் வந்தது. வழிகாட்டி பதறிப்போய்த் தட்டினார். முதலிலிருந்து மறுபடியும் ஊதியது.

சாலை வளைவிலிருந்து திரும்பி வந்த ரூபேந்திரன், இன்னொரு கூம்பைக் கையில் பிடித்தபடி, என்ன ஏதென்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து விறைப்பாக நின்றான்.

நீலத் தொப்பி வைத்த ஓர் அம்மாவுக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, இன்பராணிக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு, சோப்பு நுரையோடு இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்பராணி கீழே பார்த்தாள். அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் கட்டு.

'இது எழுந்த மாதிரிதான்' என்று நினைத்துக்கொண்டாள்.

கொம்பு ஓய்ந்தது. இனி அவள் எழுந்து ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் எதிர்பார்ப்பது போலிருந்தது. இன்பராணி கழுத்தை மட்டும் திருப்பி, உதட்டை அசைக்காமல், "அண்ணே" என்றாள்.

"என்ன தங்கச்சி?"

"முட்டி பூட்டிக்கிச்சு."

"எப்பயிருந்து?"

"இவங்க வர்றதுக்கு முன்னாடியிருந்து."

ரூபேந்திரன் காதில் விழுந்துவிட்டது. கூம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "யாரும் தொடாதீங்க! அடிபட்டவங்கள நகத்தக்கூடாது! நான் அம்புலன்ஸ் கூப்பிடறேன்!"

"கூப்பிட்ட, பிரஷால அடிப்பேன்" என்றாள் இன்பராணி.

அதற்குள் ஸ்டானிஸ்லாஸ் எழுந்துவிட்டார். ஊன்றுகோல் வலது கையில். சிவப்பு முக்காலி இடது கை மடிப்பில். லாலான் புல்லுக்குள் அவசரப்படாமல், ஊன்றுகோலைக் குத்திப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்தார். வெள்ளைக்காரர்கள் வழிவிட்டார்கள். அவர் இன்பராணிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, அது நகராமல் ஊன்றுகோல் முனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எங்கயாச்சும் அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"தலை சுத்துதா?"

"இல்லண்ணே."

"அப்ப யாரும் அவ கையப் புடிச்சு இழுக்காதீங்க" என்று மருமகனிடம் சொன்னார். பிறகு தங்கச்சியிடம், "நாலு காலில நில்லு. ரெண்டு கையும் முக்காலியில. எது நல்ல கால்?"

"இடது."

"அத முன்னாடி வையி. குதிகால் தரையில படட்டும். மூக்கு முட்டிக்கு மேல வரட்டும். என்னப் பாக்காத, தள்ளு."

இது அவளுடைய பாட்டு. அவள் குரலில் அவள் சொல்லி அவளே அலுத்துப்போன வரிகள். மூக்கு, முட்டி, எதையும் அவர் விடவில்லை. இன்பராணி தள்ளினாள். எழுந்தாள். திரும்பி உட்கார்ந்தாள்.

கூட்டம் கை தட்டியது.

"இன்னொரு தடவ" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"வாய மூடுங்கண்ணே. அந்தம்மாவப் பாருங்க."

நீலத் தொப்பி அம்மா எழ முயன்று, கல்லைப் பிடித்து, சோப்பில் வழுக்கி, மறுபடி மண்டியிட்டிருந்தார். இப்போது இன்பராணி எழுந்துகொண்டு ஆங்கிலத்தில் உத்தரவு போட, ஸ்டானிஸ்லாஸ் முக்காலியை அழுத்திப் பிடிக்க, அந்த அம்மாவும் மேலே வந்தார். வந்ததும் இன்பராணியைக் கட்டிப்பிடித்து, "இங்கே உங்களுடையவர் யார்?" என்று கேட்டார்.

இன்பராணிக்குப் பொய் வராது. யாரும் இல்லை, பாசி பிடித்திருந்தது, அதனால் தேய்த்தேன் என்றாள். அந்த அம்மா, யாரும் இல்லாமலே தேய்த்தாளாம் என்று மற்றவர்களிடம் போய்ச் சொல்லி மறுபடியும் அழுதார். அழுகிறவர்களைக் கண்டால் வேலை கொடுப்பது இன்பராணியின் வழக்கம். மேல் பாதி பாக்கி இருக்கிறது என்று பிரஷை நீட்டினாள். உயரமான ஒரு தாத்தா வாங்கித் தேய்த்தார். ரூபேந்திரன் தண்ணீர் ஊற்றினான்.

எல்லாம் முடிந்து, கல்லுக்கு முன்னால் சேர்ந்து ஒரு படமும் எடுத்துக்கொண்ட பிறகு வேன் கிளம்பியது. ஜன்னல் வழியாக எல்லாரும் கையசைத்தார்கள். ஸ்டானிஸ்லாசும் கையசைத்தார். உற்சாகத்தில் ஊன்றுகோல் பிடித்த கையையே தூக்கி அசைத்துவிட்டார்.

கிரேன் சாய்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்து, லாலான் புல்லில் உட்கார்ந்தார்.

"விழுந்துட்டாரு!" என்று கத்தினான் ரூபேந்திரன். வேன் வளைவில் மறைந்தது.

"நகராத" என்று இன்பராணி அவனைத் தடுத்தாள். அவளும் நகரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஸ்டானிஸ்லாஸ் அவர்களைப் பார்க்கவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. கையை நீட்டி முக்காலியை இழுத்துக்கொண்டார். திரும்பினார், நாலு காலில் நின்றார், கையை ஊன்றினார், நல்ல காலை முன்னால் வைத்தார், தள்ளினார், திரும்பி உட்கார்ந்தார். பிறகு சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "சரி. கட்டிலுக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டார்.

*

மூவாரில் ஆற்றங்கரைப் பக்கமாக ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. முதலாளி ஹாரூன், ஆரஞ்சுச் சட்டையையும் சிவப்பு முக்காலியையும் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம கடையில நாற்காலி இருக்குண்ணே" என்றார். மீ பண்டோங் நூடுல்ஸ் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் முள்கரண்டியால் இறாலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"சின்னம்மா, தீர்ப்பு" என்றான் ரூபேந்திரன். அவனுக்கும் அதில் சந்தோஷம் இருப்பதாகத் தெரியவில்லை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விழுந்தா போறதுன்னு மாமாதானே சொன்னாரு."

இன்பராணி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"பந்தயமே தப்பு. ஹோம்ல நான் பாத்ததுல விழாத கெழவன் ஒருத்தன்கூட இல்ல. விழுந்துட்டு யாராச்சும் வருவாங்களான்னு படுத்துக் கெடக்கறவனத்தான் தனியா விடக்கூடாது. இவரு விழுந்தாரு, கத்தல, முக்காலிய எடுத்தாரு, எழுந்தாரு. இவரு தனியா இருக்கலாம். குளிக்கற எடத்துல கைப்பிடி போடணும். கைலிய மடிச்சுக் கட்டணும். யாருக்கும் ஊன்றுகோல் கையால டாட்டா காட்டக்கூடாது. அவ்வளவுதான்."

ஸ்டானிஸ்லாஸ் இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ரூபேந்திரன் தலையாட்டினான். அவனுக்கு விதிமுறை தெளிவாக இருந்தால் போதும். சரி என்று பேச்சை முடிப்பான் என்று பார்த்தால், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"அப்ப, விழுந்தா தானா எழுந்திருக்க முடியாதவங்கதான் தனியா இருக்கக்கூடாது. சரியா?"

"சரி."

"சின்னம்மா, நீங்க பத்து பாகாட்ல தனியாத்தான இருக்கீங்க?"

இன்பராணி தேத்தண்ணியை எடுத்தாள். சூடு என்று வைத்தாள். அது ஐஸ் தேத்தண்ணி.

"ஜன்னல் ஓரக் கட்டில்" என்றார் ஸ்டானிஸ்லாஸ், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு. "கஞ்சி அஞ்சு மணிக்கே வந்துடுமாம்."

"சும்மா இருங்கண்ணே."

"யாரோ ஒரு கொடுமக்காரி வெச்ச நேரமாம் அது."

இன்பராணி அந்த மேசையில் தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும் வழியில் ஹார்ட்வேர் கடையில் காரை நிறுத்தச் சொல்லி, நின்றுகொண்டே தேய்க்கிற மாதிரி நீளக் கம்பு வைத்த பிரஷ் ஒன்று வாங்கினாள். பக்கத்துக் கடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் வாங்கினாள். சிவப்பு தீர்ந்துவிட்டது; பச்சைதான் கிடைத்தது. திங்கட்கிழமை முழங்காலை டாக்டரிடம் காட்டினாள். கட்டிலை வேண்டாமென்று சொல்லலாமா என்று ரூபேந்திரன் கேட்டபோது, "கல்லறைத் திருநாள் முடியட்டும், ஒரு வாரம் பொறு" என்றாள். கட்டில் தனக்கே தேவைப்படுமோ என்று பொறுக்கச் சொன்னது அவளுக்கே பிடிக்கவில்லை.

இப்போது தினமும் காலையில், டாக்டர் சொன்ன கனமான மெத்தையை விரித்து, கைப்பேசியைச் சாமி படத்துக்குக் கீழே நிறுத்திவைத்துவிட்டு, இன்பராணி தன் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்காருகிறாள். திரையில் மாசாயிலிருந்து ஸ்டானிஸ்லாஸ். கையில் கோப்பிக் குவளை. பின்னால் சுவரில் புதிதாக ஒரு படம்: பாசி போன கல், அதற்கு முன்னால் ஆரஞ்சுச் சட்டைக்காரர் தொப்பியோடு, பக்கத்தில் கடுகடுத்த முகத்தோடு இன்பராணி, பின்னால் ஒரு வேன் நிறைய வெள்ளைக்காரர்கள். அவள் நாலு காலில் நிற்கிறாள், கையை ஊன்றுகிறாள், இடது காலை முன்னால் வைக்கிறாள், அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுகிறாள்.

"என்னப் பாக்காதன்னு சொன்னேன்ல?" என்கிறார் அவர், கோப்பியை உறிஞ்சிக்கொண்டே. "இன்னொரு தடவ."

கட்டில் போன வாரம் வேறு யாருக்கோ போய்விட்டது.